ரெய்னிருக்கு வாங்கிய வெந்நீர்த் தொட்டி

அக்டோபர் 14, திங்கள்

காலை ஆறு மணிக்கு வேலைக்கு வந்து ஊர் நீச்சல் குளத்தின் விளக்குகளைப் போட்டேன். மூன்று டிகிரி. மழை மேலிருந்து விழாமல் பக்கவாட்டில் வந்துகொண்டிருந்தது. ஆறரைக்கு டோர்வி, ஈவார், லேவூர் மூவரும் துண்டைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்தார்கள். முப்பது வருடமாக, கடலுக்குப் போகாத நாளெல்லாம் இதே நேரம், இதே ஆட்கள், நீச்சல் குளத்தை ஒட்டிய இதே வெந்நீர்த் தொட்டி. நாலாவது ஆள் என் வீட்டுக்காரன்.

"எப்படி இருக்கான்?" என்றான் டோர்வி.

"அப்படியேதான் இருக்கான்."

"வரச் சொல்லு."

"சொல்றேன்."

தினமும் இதே நாலு வரி. நான் சொல்வதில்லை என்பது அவனுக்கும் தெரிந்திருக்கும்.

ஜூனில் பக்கவாதம் வந்ததிலிருந்து ரெய்னிர் குளத்துப் பக்கம் வரவில்லை. குளம் என்ன, வாசலில் இருக்கும் தபால் பெட்டிவரைகூடப் போவதில்லை. கால் பரவாயில்லை, கைத்தடி போதும். வலது கை பாதிதான் சொன்னபடி கேட்கிறது. பேச்சுதான் போனது. முழுதாகப் போகவில்லை. ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுக்க வேண்டியிருக்கிறது, எடுத்தது சில சமயம் வேறு சொல்லாக இருந்துவிடுகிறது. நாற்பது வருடம் மீன்பிடிக் கப்பலின் எஞ்சின் அறையில் இருந்தவன். அந்த இரைச்சலுக்கு மேலே கத்திக் கத்தியே பழகிய குரல். இப்போது எங்கள் வீட்டில் குளிர்சாதனப் பெட்டி ஓடுவது எனக்குக் கேட்கிறது.

அக்டோபர் 17, வியாழன்

கணினித் திரையில் ரெய்னிருக்குப் பயிற்சி சொல்லித்தரும் பெண் இன்றும் சொன்னாள்: கைக்கு வெந்நீர் நல்லது, தினம் அரைமணி. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வெந்நீருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தே இருபத்திரண்டு வருடமாகச் சம்பளம் வாங்குகிறவள் நான். பூமிக்கு அடியிலிருந்து அது பாட்டுக்கு வந்து கொட்டுகிறது. ஆனால் அந்தக் குழாய் குளத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மட்டும்தான். எங்கள் மேட்டுத் தெருவுக்கு மின்சாரமே கதி.

சாப்பாட்டின்போது குளத்துப் பேச்சை மெதுவாக ஆரம்பித்தேன். அவித்த மீன், உருளைக்கிழங்கு. பிரச்சினை குளியலறைதான் என்று நான் நினைத்திருந்தேன். எங்கள் குளத்தில் உடுப்பையெல்லாம் கழற்றிப்போட்டு, மற்றவர்கள் நடுவில் நின்று சோப்புப் போட்டுக் குளித்த பிறகுதான் தண்ணீரில் இறங்கலாம். பெண்கள் பக்கம் அதைக் கண்காணிப்பதே என் வேலையில் பாதி. ஆண்கள் பக்கம் நான் போக முடியாது. ஒற்றைக் கையால் அவன் எப்படித் தேய்த்துக்கொள்வான்?

"டோர்வி உதவி பண்ணுவான். நான் கேக்கறேன்."

முட்கரண்டியைக் கீழே வைத்தான். "குளியல்... இல்ல."

"அப்ப என்ன?"

உதடு அசைந்துகொண்டே இருந்தது. நான் தட்டுகளை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். என் முதுகுக்குப் பின்னால் சொன்னான்:

"காத்திருப்பாங்க."

யார்? எதற்கு? கேட்டேன். அதற்கு மேல் வரவில்லை.

அக்டோபர் 18, வெள்ளி

புரிந்துவிட்டது. டிக்கெட் மேஜையிலிருந்து ஜன்னல் வழியாகத் தொட்டி தெரியும். கதவு திறந்து மூடும்போதெல்லாம் பேச்சும் கேட்கும். இன்று மீன்பிடி ஒதுக்கீட்டைப் பற்றிச் சண்டை. ஒருவன் ஆரம்பிப்பதை இன்னொருவன் வெட்டுகிறான், வெட்டியவனை மூன்றாமவன் மடக்குகிறான். யாருமே ஒரு வாக்கியத்தை முடிப்பதில்லை. முன்பெல்லாம் இதை ஆரம்பிப்பவனும் ரெய்னிர், முடிப்பவனும் அவன்தான். அவன் வாய்க்குப் பயந்து பாதிரியார் ஏழரைக்கு மேல்தான் குளிக்க வருவார்.

இப்போது அவன் வந்து உட்கார்ந்தால் என்ன ஆகும்? மூன்று பேரும் வாயை மூடிக்கொள்வார்கள். தலையைச் சாய்த்துக்கொண்டு, அவன் ஒரு சொல்லைத் தேடிப் பிடிக்கும்வரை மரியாதையாகக் காத்திருப்பார்கள். அதைத்தான் சொல்லியிருக்கிறான்.

நானும் காத்திருக்கிறேன். இல்லாவிட்டால் பாதியில் நானே முடித்துவைக்கிறேன். இரண்டில் எது அவனை அதிகமாக நோகடிக்கிறது என்று கேட்க எனக்குத் தைரியமில்லை.

அக்டோபர் 22, செவ்வாய்

முடிவு செய்துவிட்டேன். வீட்டிலேயே ஒரு வெந்நீர்த் தொட்டி. யாரும் அவனைப் பார்க்க வேண்டாம், யாரும் காத்திருக்கவும் வேண்டாம்.

சல்காவிடம் தொலைபேசியில் சொன்னேன். மகள் தலைநகரில் இருப்பதால் எல்லாவற்றிலும் ஒரு கேள்வி வைத்திருப்பாள்.

"அப்பா கேட்டாரா?"

"அவன் எங்க எதையாவது கேக்கறான்."

"அப்ப யாருக்கும்மா வாங்கற?"

"அப்பாவுக்குத்தான். கைக்கு நல்லதாம்."

"சரி, நீயும் உக்கார்ற மாதிரி வாங்கு."

"எனக்கு எங்கடி நேரம்."

"உனக்கு எதுக்குத்தான் நேரம் இருந்துச்சு" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் வலித்தது.

அக்டோபர் 26, சனி

தொட்டி வாங்குவது கல்யாணத்துக்கு ஆள் பார்ப்பதைவிடக் கஷ்டமாக இருக்கிறது. விறகில் எரிவது ஒன்று இருக்கிறது, பார்க்க அழகு. விறகுக்கு எங்கே போவது? எங்கள் ஊரில் மரம் என்று சொல்லிக்கொள்ள, தேவாலயத்துக்குப் பின்னால் நாலு குச்சி நிற்கிறது. வெறும் தொட்டியாக, குழாயிலிருந்து வெந்நீர் நிரப்பிக்கொள்கிற வகையும் இருக்கிறது. அது வீட்டுக் குழாயிலேயே பூமிச் சூடு வரும் வேறு ஊர்க்காரர்களுக்கு. எங்களுக்கு மின்சாரத் தொட்டிதான். அதிலும் எழுபது வகை.

கடையிலிருந்து பிரின்யா என்ற பெண் தொலைபேசியில் பேசினாள். இந்த ஊர்க்காற்றை அவள் பார்த்ததில்லை என்பது முதல் கேள்வியிலேயே தெரிந்தது.

"காத்து எந்தப் பக்கம் அடிக்குங்க?"

"எந்தப் பக்கம் அடிக்காதுன்னு கேளுங்க."

போன குளிர்காலத்தில் பக்கத்து வீட்டுத் தொட்டியின் மூடி பறந்துபோய்த் துறைமுகத்தில் விழுந்ததைச் சொன்னேன். கனமான மூடி வேண்டும், எட்டு இடத்தில் பட்டை போட்டுக் கட்ட வேண்டும் என்று எழுதிக்கொண்டாள். அடியிலும் சுவரிலும் குளிர் தாங்கும் அடைப்பு எத்தனை அங்குலம் என்று விளக்கினாள். தண்ணீர் பீய்ச்சும் துளைகள் நாற்பத்தாறு என்றாள். விளக்கு ஏழு நிறத்தில் மாறுமாம். என் கணவனுக்குப் பக்கவாதம் என்று நான் சொன்ன பிறகு விளக்கைப் பற்றிப் பேசவில்லை.

"எத்தனை பேர் உக்காருவீங்க?"

"ஒருத்தர்."

"ஒருத்தருக்குன்னு தனியா வர்றதில்லீங்க. குறைஞ்சது மூணு பேருக்கு."

நவம்பர் 2, சனி

தொட்டிகளின் படங்கள் போட்ட புத்தகத்தைத் தபாலில் அனுப்பியிருக்கிறாள். இரவுச் சாப்பாடு முடிந்ததும் மேஜையில் விரித்தேன். ரெய்னிர் பார்க்காத மாதிரி பார்த்தான். நான் சிவப்பா சாம்பலா என்று கேட்டுக்கொண்டிருந்தபோது, அவன் இடது கை விரல் ஒரு படத்தின் மேல் வந்து நின்றது. தொட்டியின் பக்கவாட்டுப் படம். விரலால் தட்டினான். அப்புறம் சுவரைக் காட்டினான். மறுபடியும் தட்டினான்.

"க... கத... இது. இது, சுவர்ல..."

"கலர் பிடிக்கலையா?"

இல்லை.

"படியா? படி எந்தப் பக்கம்னு கேக்கறியா? கைப்பிடியா? மூடியா?"

இல்லை, இல்லை. முகம் சிவந்தது. நான் இன்னும் வேகமாகக் கேட்டேன். என்னவோ வினாடி வினா மாதிரி, மணி அடிப்பதற்குள் விடை சொல்லிவிட வேண்டும் என்பது போல. விளக்கா? ஆழமா? தண்ணியா? புத்தகத்தைத் தள்ளிவிட்டான், அது அடுப்புக்குப் பக்கத்தில் போய் விழுந்தது. எழுந்து படுக்கப் போய்விட்டான்.

எனக்கும் கோபம் வந்தது. யாருக்காக இத்தனை பாடு? ஐந்து மாதமாக இந்த வீட்டில் நான் ஒரு நாளாவது காரணமில்லாமல் உட்கார்ந்திருக்கிறேனா?

நவம்பர் 9, சனி

துறைமுகத்திலிருந்து ஆறு மீன் பெட்டிகள் இரவல் வாங்கி வந்து, கொட்டகையில் தொட்டியின் உயரத்துக்கு அடுக்கினேன். பிரின்யா சொன்ன அளவு, தொண்ணூறு சென்டிமீட்டர். விளிம்பில் உட்கார வேண்டும், இடது காலை முதலில் தூக்கிப்போட வேண்டும், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு திரும்ப வேண்டும். முதலில் நான் செய்து காட்டினேன். கம்பளிக் கால்சட்டையோடு மீன் பெட்டி மேல் ஏறி இறங்கும் ஐம்பத்தெட்டு வயதுக்காரி. ரெய்னிர் சிரித்தான். வாயின் ஒரு பக்கம்தான் சிரித்தது, ஆனால் சிரிப்புதான்.

ஐந்து முறை செய்தான். ஆறாவது முறை யாரும் பிடிக்காமலே செய்தான்.

நவம்பர் 13, புதன்

சாம்பல் நிறத்தில் ஒரு தொட்டிக்குச் சொல்லிவிட்டேன்.

நவம்பர் 28, வியாழன்

வந்துவிட்டது. கிரேன் லாரி வீட்டுக் கூரைக்கு மேலே தூக்கிக் கொண்டுபோய்ப் பின்பக்கம் இறக்கியது. காற்று கொஞ்சம் ஓய்ந்த ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும் என்று ஓட்டுநர் அவசரப்படுத்தினான். படியும் கைப்பிடியும் சமையலறைக் கதவைப் பார்த்து இருக்க வேண்டும் என்றேன். காற்று படாமலிருக்கச் சுவரை ஒட்டி வை, இன்னும் ஒட்டி வை என்றேன். கத்தி நுழையாத அளவுக்கு ஒட்டி வைத்தான்.

ரெய்னிர் ஜன்னலில் நின்று கைத்தடியால் கண்ணாடியைத் தட்டினான். நான் கையை ஆட்டினேன். ஆமாம், வந்துவிட்டது, பார் என்று.

டிசம்பர் 4, புதன்

மின்சாரக்காரர் நேற்று வந்து இணைப்புக் கொடுத்தார். தண்ணீர் நிரப்பி ஏறக்குறைய ஒரு நாள் ஆனது சூடாக. இன்று காலை பதினொரு மணிக்கு முப்பத்தெட்டு டிகிரி. இந்த வாரம் எனக்கு வேலை பிற்பகல்தான்.

ஏறினான், உட்கார்ந்தான், காலைப் போட்டான், திரும்பினான். எல்லாம் மீன் பெட்டியில் பழகியபடியே. தண்ணீர் கழுத்துவரை வந்தபோது அவன் கண் மூடிக்கொண்டது. வலது கை தானாக மேலே மிதந்து வந்தது. ஜூனுக்குப் பிறகு அது யார் பிடித்தும் அவ்வளவு உயரம் வந்ததில்லை. நான் உள்ளே போய்த் துண்டை எடுப்பது போல நின்றேன்.

திரும்பி வந்தபோது அவன் எதிரே இருந்த காலி இருக்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

"போதும்" என்றான்.

துடைத்துவிட்டு உள்ளே கூட்டிப்போனேன். வேலைக்கு நேரமாகிவிட்டது. சுவிட்சை அணைத்து, அடைப்பைப் பிடுங்கி, தொட்டியைத் தேய்த்துக் கழுவிவிட்டு, மூடியைக் கட்டிவிட்டுப் போனேன்.

டிசம்பர் 5, வியாழன்

அடைப்பை ஏன் பிடுங்கினேன்?

நேற்று மாலையிலிருந்து உறைபனி, காலையில் மைனஸ் பதினொன்று. தண்ணீரைத் திறந்துவிட்டேன், அது அடியிலிருந்து சுவரோரமாக ஒழுகி, ஓடிய இடத்திலேயே பனிக்கட்டியானது. பிரின்யாவைக் கூப்பிட்டேன்.

"காலி பண்ணிட்டீங்களா? எதுக்குங்க?"

"குளிச்சாச்சே."

"அது மூணு மாசத்துக்கு ஒரு தடவைதாங்க மாத்தறது. சூடாவே விட்டுடணும், தண்ணியைச் சுத்தம் பண்ண மருந்து போட்டு. உள்ளே குழாயில, பம்புல மிச்சம் நின்ன தண்ணி உறைஞ்சிருக்கும். பம்பு வெடிச்சிருக்கும். நீங்க தொட்டிக்கெல்லாம் புதுசாங்க?"

புதுசா என்று கேட்கிறாள். இருபத்திரண்டு வருடமாக ஒவ்வொரு நாளும் வேலை முடிகிறபோது அடைப்பைப் பிடுங்கித் தொட்டி கழுவுகிறவள் நான். நேற்று ஒருவன் உட்கார்ந்த தண்ணீரில் இன்று இன்னொருவன் உட்காருவதை நினைத்தாலே எனக்கு உடம்பு கூசும். எங்கள் குளத்தில் குழாயைத் திறந்தால் ஒரு மணி நேரத்தில் மறுபடி வெந்நீர். கை தானாகச் செய்துவிட்டது. இதைச் சொன்னால் இந்தத் தேசத்தில் எந்தக் குளத்துக்காரியும் நம்புவாள், பிரின்யாவுக்குப் புரியாது.

பம்பு தொட்டியின் பக்கவாட்டில், ஒரு சின்னக் கதவுக்குப் பின்னால் இருக்கிறதாம். "அந்தக் கதவைக் கழட்டிப் பாருங்க" என்றாள்.

கதவு சுவர்ப் பக்கம் இருக்கிறது.

கத... இது. சுவர்ல. ஒரு மாதத்துக்கு முன்னாலேயே சொன்னான். என்ன கலர் என்று கேட்டேன் நான்.

டிசம்பர் 6, வெள்ளி

அவனிடம் சொன்னேன். தலையை மட்டும் ஆட்டினான். திட்டியிருந்தால் தேவலை.

டிசம்பர் 11, புதன்

புதிய பம்பு கிறிஸ்துமஸுக்குள் வருமாம். பொருத்த ஆள் இல்லை. மின்சாரக்காரர் பண்டிகை முடிந்துதான் வருவார். காலையில் டிக்கெட் மேஜையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதுவிட்டேன். டோர்வி சோப்பு வாங்க வந்தவன் பார்த்துவிட்டான்.

விஷயத்தைச் சொன்னேன். அவன் முதலில் தொட்டியைப் பற்றிக் கேட்கவில்லை.

"எங்ககிட்ட ஏன் முன்னாடியே சொல்லல?"

"நீங்க யாரு வந்தீங்க?"

"ரெண்டு தடவை வந்தேன் ஸ்வாவா. ஆகஸ்டுல ஒரு தடவை, செப்டம்பர்ல ஒரு தடவை. தூங்கறான்னு சொன்ன."

ஆமாம், சொன்னேன். இரண்டு தடவையும் அவன் தூங்கவில்லை. அவனுக்குச் சங்கடமாக இருக்குமே என்று அப்படிச் சொன்னதாகத்தான் இதுவரை எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். நிஜம் என்ன? இன்னும் ஒருவருக்குக் காபி போட்டு, இன்னும் ஒரு பேச்சுக்கு நடுவில் உட்கார்ந்து மொழிபெயர்க்க என்னால் முடியவில்லை. அவ்வளவு களைப்பு. கதவைச் சாத்துவது சுலபமாக இருந்தது.

"பம்பு வந்ததும் சொல்லு" என்றான் டோர்வி. "எஞ்சின் எதுவும் எனக்குத் தெரியாது. ஆனா ஈவாருக்கு அதைவிடத் தெரியாது. ஒண்ணா வந்து பாக்கறோம்."

டிசம்பர் 23, திங்கள்

கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பு, வழக்கப்படி எல்லார் வீட்டிலும் மக்கவைத்த திருக்கை மீன் அவிக்கும் நாள் இன்று. தெரு முழுக்க அமோனியா நாற்றம். இரண்டு மணிக்கு மூன்று பேரும் அந்த நாற்றத்தோடு வந்தார்கள், தபால் நிலையத்தில் வாங்கிய பம்புப் பெட்டியோடும் நாலு பிளாஸ்டிக் குழாய்த் துண்டுகளோடும். தொட்டிக்கு அடியில் கடப்பாரை கொடுத்து நெம்பி, குழாய்களை உருளையாகப் போட்டு, சுவரிலிருந்து ஒரு முழம் இழுத்தார்கள். அதற்குள் மூன்று முறை ஒருவரை ஒருவர் முட்டாள் என்று சொல்லிக்கொண்டார்கள்.

ரெய்னிர் சமையலறை ஜன்னலில் நின்றான். நான் பின்னால் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தேன். டோர்வி பனியில் ஒருக்களித்துப் படுத்து வெடித்த பம்பைக் கழற்றி, புதியதை உள்ளே திணித்தான். ரெய்னிர் கைத்தடியால் கண்ணாடியைத் தட்டினான். யாரும் திரும்பவில்லை. பலமாகத் தட்டினான். லேவூர் திரும்பிப் பார்த்துக் கையை ஆட்டினான், நான் அன்று ஆட்டியது போலவே.

"என்ன, ரெய்னிர்? என்ன சொல்லணும்? நான் போய்—"

என்னைத் தாண்டிப் போனான். கதவு திறந்தது. கோட்டு இல்லை, தொப்பி இல்லை, காலில் வீட்டுச் செருப்பு. ஆறு மாதத்தில் யாரும் பிடிக்காமல் அவன் வாசற்படி தாண்டியது இதுதான் முதல் தடவை. நேராகப் போய் டோர்வியின் தலைமாட்டில் நின்றான். பனியில் கைத்தடியைக் குத்தினான்.

"டேய் மடப்பயலே, தலைகீழா மாட்டறடா."

எனக்குக் கேட்டது. சமையலறைவரை கேட்டது. தெருக்கோடிவரைகூடக் கேட்டிருக்கும். ஒரு சொல்லும் தடுக்கவில்லை, முழுசாக வந்தது, எஞ்சின் அறைக் குரலில்.

மூன்று பேரும் அவனைப் பார்த்தார்கள். டோர்வி பம்பை வெளியே இழுத்து அதில் வரைந்திருந்த அம்புக்குறியைப் பார்த்தான். "அட, ஆமா" என்றான்.

அடுத்ததாக ரெய்னிர் வேறு எதையோ சொல்ல ஆரம்பித்தான். "அந்த... அந்த வளை... வளை..." நின்றுவிட்டது. இப்போது காத்திருப்பார்கள், இப்போது எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

"பிரசங்கம் அப்புறம் பண்ணு" என்றான் டோர்வி. "குளிர்ல எனக்கு இடுப்பு செத்துக்கிட்டிருக்கு. விளக்கைப் பிடி."

"இவனுக்கு முன்னாடியும் பேச்சுதான், வேலை கிடையாது" என்றான் ஈவார்.

"வளையம்" என்றான் ரெய்னிர், ஈவார் பேசும்போதே குறுக்கே. "ரப்பர்... வளையம். கழுதை."

"இருக்குடா, பையில இருக்கு, கத்தாதே."

விளக்கை இடது கையில் வாங்கிப் பிடித்தான். நான் அவன் கோட்டை எடுத்துக்கொண்டு கதவுவரை போய்விட்டேன். கைப்பிடியில் கை வைத்தேன். பிறகு எடுத்துவிட்டேன். கோட்டைக் கொண்டுபோனால் நான் பட்டன் போட்டுவிடுவேன். பட்டன் போட்டால் அவன் மறுபடி நோயாளி. நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். கொஞ்ச நேரத்தில் லேவூர் தன் மேல்கோட்டைக் கழற்றி அவன் தோளில் எறிந்தான்.

நாலு மணிக்குப் பம்பு ஓடியது. நாலு பேரும் உள்ளே வந்து, பண்டிகைக்குச் சுட்டு வைத்திருந்த பணியாரத்தில் எழுபதாவது தின்றிருப்பார்கள். வீடு இன்னும் நாறுகிறது. ஜன்னலைத் திறக்க எனக்கு மனம் வரவில்லை.

டிசம்பர் 30, திங்கள்

ரெய்னிர் துண்டைத் தேடுகிறான். பழைய பச்சைத் துண்டு, ஓரம் நைந்தது. எந்த அலமாரி என்று நான் சொல்லவில்லை. இருபது நிமிடம் ஆனது. கண்டுபிடித்துவிட்டான்.

ஜனவரி 6, திங்கள்

ஆறரைக்கு நாலு பேர்.

டோர்வி காரில் கூட்டி வந்திருக்கிறான். ரெய்னிர் மேஜைக்கு முன்னால் நின்றான். நான் எழுந்து நின்றுவிட்டேன், என்ன செய்வது என்று தெரியவில்லை.

"என்ன பாக்கற, டிக்கெட்டைக் கொடு" என்றான் டோர்வி.

"தரை வழுக்கும். சோப்பு அவன் இடது பக்கம் இருக்கட்டும். முதுகு..."

"ஸ்வாவா. முப்பது வருஷமா இவன் முதுகை நான் பாக்கறேன். நல்ல முதுகு இல்ல. போ, உன் வேலையப் பாரு."

ஆண்கள் அறைக் கதவு மூடிக்கொண்டது. பதினேழு நிமிடம். ஏதோ விழுந்த சத்தம், பிறகு நாலு பேரின் சிரிப்பு. பெண்கள் பக்கம் இரண்டு பேர் சோப்புப் போடாமலே தண்ணீரில் இறங்கிப் போயிருக்கலாம், நான் கவனிக்கவில்லை. பிறகு ஜன்னலில் ஆவிக்கு நடுவே தலைகள் தெரிந்தன. எண்ணினேன்.

பேச்சு கேட்டது. யாரும் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. அவன் ஒரு சொல்லைத் தேடிக்கொண்டிருக்கும்போதே மற்ற மூவரும் அவனைத் தாண்டிப் போய்விட்டார்கள், அவன் பின்னாலிருந்து ஒரு வசவை எறிந்து நிறுத்தினான்.

ஜனவரி 12, ஞாயிறு

வெந்நீர்த் தொட்டி முப்பத்தெட்டு டிகிரியில் கொல்லையில் உட்கார்ந்திருக்கிறது. மருந்து போடுகிறேன், மூடியைக் கட்டுகிறேன், பனியைத் தள்ளுகிறேன். உள்ளே யாருமில்லை. பேச ஆள் இல்லாத தண்ணீர் அவனுக்கு வேண்டாம். இத்தனை அலைச்சலும் ஒரு கதவு எந்தப் பக்கம் என்று தெரிந்துகொள்ளத்தானா?

விற்றுவிடலாமா என்று சல்காவிடம் கேட்டேன்.

"நீ ஒரு தடவையாவது இறங்கினியாம்மா?"

"நானா?"

"ஆமா. நீ."

வேறு பேச்சுக்குப் போய்விட்டேன். ஆனால் யோசித்துப் பார்த்தேன். குளத்தில் வேலைக்குச் சேர்ந்த பிறகு நான் வெந்நீரில் உட்கார்ந்த நாள் எது என்று நினைவில்லை. வேலை முடிந்தால் சீருடை நனைந்திருக்கும், தொட்டி கழுவிய கை ஊறியிருக்கும். முதலில் சல்கா வீட்டில் காத்திருந்தாள், பிறகு ரெய்னிர்.

ஜனவரி 14, செவ்வாய்

பிற்பகல் வேலை வாரம். ஆறேகாலுக்கு டோர்வி ஹாரன் அடித்தான், ரெய்னிர் போய்விட்டான். வீட்டில் ஒரு மணி நேரம் எனக்கு மட்டும். கழுவிய பாத்திரத்தை மறுபடி கழுவினேன்.

ஜனவரி 30, வியாழன்

இதை எழுதும்போது விரல் நுனியெல்லாம் சுருங்கியிருக்கிறது.

காலையில் ஹாரன் சத்தம் போனதும் குளியலறைக்குப் போய், துணியைக் கழற்றி, சோப்புப் போட்டுக் குளித்தேன். என் கொல்லையில் என்னைக் கண்காணிக்க யார் இருக்கிறார்கள்? இருந்தாலும் குளித்தேன். மைனஸ் நாலு, காற்றே இல்லை. மூடியைத் தள்ளினேன். இடது கால் முதலில், மீன் பெட்டியில் நான் சொல்லிக்கொடுத்தபடி.

தண்ணீர் கழுத்துக்கு வந்தது. கை இரண்டும் மேலே மிதந்து வந்தன. எட்டு மாதமாகத் தோளில் இவ்வளவு கனம் இருந்தது எனக்குத் தெரியவே தெரியாது. கொஞ்சம் அழுதேன். காரணம் தேடவில்லை. பிறகு தூங்கியே போயிருக்க வேண்டும், கார் வந்த சத்தம் கேட்கவில்லை. கண்ணைத் திறந்தபோது சமையலறைக் கதவில் ரெய்னிர் நிற்கிறான், தலைமயிர் ஈரம், கழுத்தில் பச்சைத் துண்டு.

"ஐயோ, மணி என்ன? இரு, வந்துட்டேன், உனக்குக் காபி..."

பாதி எழுந்துவிட்டேன். அவன் இடது கையைத் தூக்கினான்.

"உக்காரு" என்றான்.

உட்கார்ந்தேன். இன்னும் எதையோ சொல்ல வந்தான். உதடு அசைந்தது. எனக்கு நாலைந்து சொற்கள் வாய்வரை வந்தன: குளிரா, பசியா, மாத்திரையா? எதையும் சொல்லவில்லை. தண்ணீருக்குள் கையை அடக்கிக்கொண்டு இருந்தேன். நேரம் ஆனது. ஆகட்டும்.

"நான்..." என்றான். "நான்... காத்திருக்கேன்."

கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போனான். ஏதோ உருண்டது, ஸ்பூன் விழுந்தது, குழாய் ஓடியது. நான் எழுந்திருக்கவில்லை. இன்னும் கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

காபி தண்ணீராக இருந்தது, மேஜையெல்லாம் தூள். இரண்டு கோப்பை குடித்தேன்.